ஆடி முடியட்டும்

புற்றுநோய்க்கு நான் பயந்ததே இல்லை. மலச்சிக்கலுக்குப் பயந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் சிகரெட் பிடித்த ஒருவன் அதை விடாமல் இருந்ததற்கான காரணங்களை நாணயமாக வரிசைப்படுத்தினால் முதலிடம் இதற்குத்தான். வெளியே எழுத்தாளன், நாலு எழுத்து படித்தவன் என்று பெயர். உள்ளே நிலவரம் இதுதான். காலையில் ஒரு காபி, அதன் பின்னால் ஒரு தம், அதற்குப் பிறகே மற்றதெல்லாம். நடுவில் இருப்பதை உருவிவிட்டால் மூன்றாவது நடக்குமா, நடக்காதா? இருபத்தைந்து வயதிலிருந்து என்னை வாட்டிய ஒரே தத்துவ விசாரம் அதுதான்.

இந்தப் பயம் முழுக்க வெறும் பயமும் இல்லை. நிகோடின் குடலையும் உசுப்பிவிடும். சிகரெட்டை நிறுத்திய சிலருக்கு முதல் சில வாரங்கள் வயிறு முரண்டு பிடிப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். சில வாரங்கள்தான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும்கூடப் பொறுக்கவில்லை. முந்தின இரவு திரிபலா, இரண்டு பூவன் பழம். காலையில் ஒரு செம்பு வெந்நீர். பிறகு நடை. வீட்டுக்குள்ளேயே, கூடத்துக்கும் கொல்லைக்கும். மனைவி ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து வெகுநேரம் ஆனதும் கதவைத் தட்டினாள். “ஏங்க, உள்ள தூங்கிட்டீங்களா? கேஸ்காரர் வந்து நிக்கிறாரு, சில்லறை எங்க வச்சிருக்கீங்க?” வெளியே வந்து சில்லறை கொடுத்துவிட்டு நேராகப் பெட்டிக்கடைக்குப் போனேன். ஒன்றைப் பற்றவைத்ததும் அவசரமாகத் திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று. இரவெல்லாம் உள்ளே கிடந்து உழைத்தது பூவன் பழம்; பாராட்டு விழா சிகரெட்டுக்கு. அன்றைக்கு எடுத்த முடிவை அடுத்த பல வருஷங்களுக்கு நான் மறுபரிசீலனை செய்யவில்லை.

எங்கள் குடும்பம் திருச்சி உறையூர்க் குடும்பம். தாத்தா சுருட்டுப் பிடிப்பார். திருச்சிச் சுருட்டுக்கு ஒரு காலத்தில் சீமை வரைக்கும் பெயர் இருந்தது. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த வீட்டில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி மாளாது. ஊருக்கே இப்படி ஒரு பாரம்பரியம் இருக்கும்போது நான் ஒருவன் ஒதுங்கி நிற்பதா? தாத்தா தொண்ணூறைத் தொட்டுவிட்டுத்தான் போனார் என்பதையும் சபைகளில் சொல்வேன். கவனித்துப் பார்த்தால் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருக்கிறார். அதே சுருட்டைப் பிடித்து ஐம்பத்தெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பெரியப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கும் ஒரு பெரியப்பா இருந்தார்.

படித்தவனின் முட்டாள்தனத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து 1950இல் எழுதியவர் ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவரே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர். தன் கணக்குகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்ததும் விட்டார். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் டாக்டர்களையே ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். முப்பது வயதில் விட்டால் தொடர்ந்து பிடிப்பவர்களைவிடச் சுமார் 10 வருஷம் கூடுதலாக வாழலாம். நாற்பதில் விட்டால் 9. ஐம்பதில் 6. அறுபதில் 3. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முப்பத்திச் சொச்சம். என் மூளை உடனே ஒரு கணக்குப் போட்டது. இப்போதே விட்டால் பத்து, நாற்பதில் விட்டால் ஒன்பது. நடுவில் ஒரு வருஷம்தானே நட்டம்! அந்த ஒரு வருஷமும் கடைசி வருஷம், எப்படியும் படுத்த படுக்கையாகத்தான் இருக்கப்போகிறோம். அதைக் கொடுத்துவிட்டு நாற்பது வரைக்குமான சிகரெட்டை வாங்கிக்கொள்வது லாபமான வியாபாரமாகப் பட்டது. நாற்பது வந்தது. ஐம்பதில் விட்டாலும் ஆறு தேறும் என்று ஞாபகம் வந்தது. ஆய்வுகள் நம்மை மாற்றிவிடும் என்று நினைப்பவர்கள், சிகரெட்காரனிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது பயம். சிகரெட் இல்லாவிட்டால் எழுத வராது. இதைச் சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஒரு பத்தி முடிந்தால் ஒரு தம். பத்தி வராவிட்டாலும் ஒரு தம். சாம்பல் கிண்ணம் நிறைந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று பார்ப்பதற்குப் பதிலாக எவ்வளவு பிடித்திருக்கிறேன் என்று பார்த்துத் திருப்தி அடைந்த இரவுகள் உண்டு. பின்னாளில், புகை சூழ எழுதிய அந்தக் கட்டுரைகளை ஒரு தொகுப்புக்காக மறுபடி படித்தேன். அவற்றுக்காக நுரையீரலைக் கொடுத்திருக்க வேண்டாம். வயிற்றெரிச்சலைக் கிளப்பும் ஒன்றிரண்டு வரிகள் தேறின. அவையும் பிறரைத் திட்டி எழுதியவை.

விட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எண்ணத்தில் நான் குறைவைத்ததே இல்லை. நாள் குறிப்பதில்தான் சிக்கல். பொங்கலிலிருந்து, பிறந்த நாளிலிருந்து, சித்திரை ஒன்றிலிருந்து என்று தேதிகள் குறிப்பேன். அந்தத் தேதியின் முந்தின இரவு ‘கடைசி சிகரெட்’ என்ற விழா நடக்கும். மொட்டை மாடி, தனிமை, நிலா இருந்தால் உத்தமம். ஒவ்வொரு இழுப்பையும் ரசித்து, கண் லேசாகக் கலங்கி, நசுக்கி அணைத்துவிட்டுக் கீழே இறங்குவேன். காலையில் காபி வரும். காபிக்குப் பின்னால் என்ன வரும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச காலம் கழித்துத் தேதி குறிப்பதையே தள்ளிப்போடக் கற்றுக்கொண்டேன். என்னைப் பகுத்தறிவுவாதி என்று நண்பர்கள் நம்புகிறார்கள். கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குத்தான் வரும். அப்படிப்பட்ட நான் சிகரெட் விஷயத்தில் மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் வரை படித்தேன். அஷ்டமியில் தொடங்கினால் விளங்காது. சந்திராஷ்டமத்தில் மனம் சஞ்சலப்படும், அந்த நேரத்தில் விட்டால் எப்படி நிலைக்கும்? மார்கழியில் குளிர். ஆடியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாதென்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆடி முடியட்டும். ஆவணி வந்தால் கல்யாண சீசன். மண்டபங்களுக்குப் பின்னால் நண்பர்கள் நிற்பார்கள்.

அந்தக் ‘கடைசி சிகரெட்’ விழா என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இறுமாந்திருந்தேன். அதுவும் போயிற்று. இத்தாலோ ஸ்வேவோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 1923இலேயே ‘ஜீனோவின் மனசாட்சி’ என்ற நாவலில் இதை எழுதிவைத்துவிட்டார். அதன் நாயகன் கடைசி சிகரெட்டின் தேதியைக் குறித்துவைத்துக் குறித்துவைத்தே வாழ்நாளைக் கழிக்கிறான். கடைசி சிகரெட்டின் ருசியே தனி என்பது அவன் அனுபவம். ஸ்வேவோவும் அப்படிப்பட்டவர்தான். 1928இல் கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோதும் ஒரு சிகரெட் கேட்டு, மறுக்கப்பட்டதும், இது நிஜமாகவே கடைசியாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். தோற்பதில்கூட எனக்கு முன்னால் ஒருவர் போய்விட்டார் என்பதில் கொஞ்சம் வருத்தம். உலக இலக்கியத்தோடு தொடர்பு ஏற்பட்டதில் கொஞ்சம் பெருமை. பெருமை வந்தால் என்ன செய்வேன்? பற்றவைத்தேன்.

ஒரு நண்பர் புத்தகம் ஒன்று கொடுத்தார். ஆலன் கார் என்ற லண்டன் கணக்காளர் 1985இல் எழுதியது. ஒரு நாளைக்கு நூறு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்து விட்டவர். சிகரெட்காரனைப் பிடித்து வைத்திருப்பது சுகமல்ல, விட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் என்பது அவர் கட்சி. என்னை நேரில் பார்த்ததுபோல எழுதியிருந்தார். அதில் ஒரு சலுகையும் இருந்தது: புத்தகத்தைப் படித்து முடிக்கும்வரை சிகரெட் பிடித்துக்கொண்டே இருக்கலாம். இவ்வளவு நல்ல நிபந்தனையோடு ஒரு புத்தகம் என் கைக்கு வந்ததில்லை. வாசிப்பில் நான் வேகமானவன். ஒரே இரவில் முந்நூறு பக்க நாவலை முடித்தவன் என்று பெயர் உண்டு. இதை மட்டும் நிதானமாக, அடிக்கோடிட்டு, சிந்தித்துச் சிந்தித்துப் படித்தேன். கடைசி சில பக்கங்கள் இருக்கும்போது, இப்படிப்பட்ட நூலை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது என்று அலமாரியில் வைத்தேன். வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது. நண்பர் கேட்கும்போதெல்லாம், “படிச்சுட்டே இருக்கேன் மாப்ள” என்பேன். அது பொய் இல்லை.

அடுத்தது நிகோடின் சூயிங்கம். சிகரெட் இல்லாமல் நிகோடினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு. மருந்துக்கடையில் வாங்கினேன். அட்டைக்குள் எப்படி மெல்ல வேண்டும் என்று ஒரு தாள் மடித்து வைத்திருந்தார்கள். சூயிங்கம் மெல்ல எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? தாளைத் தூக்கிப் போட்டேன். அந்தத் தாளில் இருந்தது இது: சற்றே மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம். வாயின் உள்தோல் வழியாகத்தான் நிகோடின் ஏறும். அவசரமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி விக்கலையும் நெஞ்செரிச்சலையும் கிளப்பும். காபி குடித்த வாயில் போட்டால் சரியாக ஏறவும் ஏறாது.

நான் இரண்டைச் சேர்த்துப் போட்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பையன்களைப் போல அசைபோட்டுக்கொண்டே, அலுவலக நண்பர் ஒருவரின் அப்பா இறந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெரியவரை நான் பார்த்ததுகூட இல்லை. போனதும் கடுங்காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். மாலையைப் போட்டுவிட்டு நிமிரும்போது முதல் விக்கல். அடக்கினேன். அடக்கினால் தோள் குலுங்குகிறது. நெஞ்செரிச்சலில் கண்ணில் தண்ணீர். கூடியிருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா வந்து என் தலையைத் தடவி, “அழுவாதப்பா… நல்ல சாவுதான்… ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்று சொன்னார். யாரை நினைத்துச் சொன்னாரோ தெரியவில்லை. அடுத்த விக்கலுக்கு அவரும் சேர்ந்து அழுதார். நண்பர் மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே அவ்வளவு அழுகை வரவில்லை.

தப்பித்து வீட்டின் பின்பக்கம் போனேன். மேளக்காரர்கள் ஓய்வாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு பீடியை நீட்டினார். நான் பீடி பிடிக்கிற ஆளில்லை என்று அதுவரை ஒரு கௌரவம் வைத்திருந்தேன்.

இன்னொரு தடவை உண்மையிலேயே ஒரு வாரத்தை நெருங்கிவிட்டேன். ஆனால் கை நடுங்குகிறது. தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது. சிகரெட்டை விட்டதால் நரம்பு தளர்ந்துவிட்டது, இனி உடம்பு தாங்காது என்று உயில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன். மறுபடி பிடித்ததும் சரியாயிற்று. என் பயம் நிரூபணமாயிற்று. ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார்: “அந்த வாரம் எத்தனை காபி குடிச்சீங்க?” யோசித்தேன். சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு காபி. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இருக்கும். அவர் சிரித்துவிட்டார். புகையின் தாரில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபினைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைக்கிறவன் உடம்பில் காபி சீக்கிரம் கரைந்துபோகும். புகையை நிறுத்திய சில நாளில் நொதி தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அப்போது அதே அளவு காபி கிட்டத்தட்ட இரண்டு பங்கு வேலை செய்யும். நான் குடித்ததோ இரட்டிப்பு. ஆக, கும்பகோணம் டிகிரி காபி செய்த குற்றத்துக்குச் சிகரெட் பிரிவைத் தண்டித்திருக்கிறேன். இவ்வளவு முக்கியமான சமாசாரத்தைக் காபி இல்லாமல் விடியாத ஒரு நாட்டில் டீக்கடைப் பலகையில் அல்லவா எழுதிப்போட வேண்டும்? எனக்கு ஐம்பது வயது வரை யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

டீக்கடை என்றதும் மூன்றாவது பயம் வருகிறது. சிகரெட்டை விட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2ஆம் தேதி முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதுவரை அவரவர் மேஜையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பின்பக்க ஜெனரேட்டருக்கு அருகில் தள்ளப்பட்டோம். தடை போட்டவர்கள் எதிர்பார்க்காத விளைவு, அங்கே ஒரு சங்கம் உருவாயிற்று. யாருக்கு மாற்றல், யார் வீட்டில் சண்டை, மேனேஜர் யார் மேல் காட்டமாக இருக்கிறார் என்ற தகவல் எல்லாம் ஜெனரேட்டர் பக்கம்தான் முதலில் வரும். சிகரெட் பிடிக்காதவர்களுக்குச் சுற்றறிக்கை வந்த பிறகே தெரியும். இந்த அரசவையை விட்டுவிட்டு வெறும் நுரையீரலோடு நான் என்ன செய்வேன்?

பெட்டிக்கடை அண்ணாச்சியையும் இழக்க நேரிடும் என்ற கவலை வேறு. கடைத் தூணில் நுனி கனிந்துகொண்டு தொங்கும் கயிற்றில் பற்றவைத்து, அவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது பல வருஷப் பழக்கம். நான் சில்லறையாகத்தான் வாங்குவேன். பெட்டியாக வாங்கினால் அதிகம் பிடிப்போம் என்ற சுயகட்டுப்பாடு. 2016 முதல் பெட்டியின் முன்னும் பின்னும் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. சில்லறையாக வாங்குபவனுக்கு அந்தப் படம் கண்ணில் படாது. அழுகிய வாயையும் கருகிய நெஞ்சையும் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தது அண்ணாச்சிதான். அவர் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது.

வீட்டில் நான் விட்டுவிட்டதாகவே நீண்ட காலம் ஒரு நம்பிக்கை நிலவியது. அதை நிலவச் செய்ததில் கொய்யா இலைக்குப் பங்குண்டு. பத்தாம் வகுப்பில் கற்ற வித்தை: இரண்டு இலையை மென்று துப்பினால் வாயில் வாசனை போய்விடும். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கட்டுரைத் தொகுப்பெல்லாம் வெளியிட்ட பிறகும், தெருமுனை வீட்டுக் காம்பவுண்டுக்கு மேல் எட்டி இலை பறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, “சார், உங்க வீட்ல சுகர் யாருக்கு? காலையில வாங்க, நானே நல்ல கொழுந்தாப் பறிச்சு வைக்கிறேன்” என்றார். அன்று இரவு மகளிடம், நான் எவ்வளவு மன உறுதியோடு சிகரெட்டை விட்டேன் தெரியுமா என்று ஏதோ ஒரு பேச்சுக்கு ஆரம்பித்தேன். அவள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அப்பா, உங்க சட்டை மூக்குல படுது. வாய் மட்டும் ஆடு மாதிரி மணக்குது” என்றாள்.

காபிக் கணக்குக் கேட்ட அந்த டாக்டரிடம் போனதும் இதற்குப் பிறகுதான். பயங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். இழுத்த புகையின் நிகோடின் பத்துப் பதினைந்து விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், பரபரப்பு, எதையோ மறந்துவிட்ட மாதிரி ஒரு நிலைகொள்ளாமை. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. முந்தின சிகரெட் கிளப்பிவிட்ட சங்கடத்தைத்தான் அது தணிக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆக, சிகரெட் இல்லாவிட்டால் என்ன ஆவேனோ என்ற பயம், சிகரெட் பிடிக்காதவர்களுக்கு வருவதே இல்லை. மனசு சரியில்லாததால் பிடிக்கிறேன் என்பவர்களைப் பற்றியும் சொன்னார். 2014இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து பிடித்தவர்களைவிடக் குறைந்திருந்தன.

“எல்லாம் புரியுது டாக்டர். இந்தப் பயம் கொஞ்சம் தெளிஞ்சதும் விட்டுர்றேன்” என்றேன்.

“பயத்தோடயே விடுங்க சார். அது முதல்ல போகாது. கடைசியாத்தான் போகும்.”

இதைத்தான் நான் முப்பது வருஷமாகத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தைரியம் வந்ததும் விடலாம் என்று காத்திருந்தேன். அவர் தேதி குறிக்கச் சொன்னார். காலண்டரைப் பார்த்தேன். “ஆடி முடியட்டுமே டாக்டர்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆடியில ஆரம்பிக்கத்தானே கூடாது? நீங்க முடிக்கத்தானே போறீங்க?”

முடித்தது சப்பென்றுதான் நடந்தது. மொட்டை மாடி விழா இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அஷ்டமியோ நவமியோ, பார்க்கவில்லை. சூயிங்கத்தைத் தாளில் சொன்னபடி கன்னத்தில் ஒதுக்கினேன். காபியைப் பாதியாக்கினேன். சிகரெட் நினைப்பு வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன். ஐந்து பத்து நிமிஷத்தில் அந்த வேகம் அடங்கிவிடுகிறது, அதற்குள் ஒரு குக்கர் பளபளத்துவிடும். முதல் வாரம் மோசம். மூன்றாவது வாரத்தில் தணிந்தது. நடுவில் ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்குப் பின்னால் ஒன்று பிடித்துவிட்டேன். பழைய நானாக இருந்தால், விரதம்தான் கெட்டுவிட்டதே என்று ஒரு பெட்டி வாங்கியிருப்பேன். அன்று டாக்டருக்குப் போன் செய்தேன். “சரி, அடுத்ததைப் பிடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டாதது ஏமாற்றமாக இருந்தது.

பயந்தபடி என்னென்ன நடந்தது என்று கேட்பீர்கள். வயிறு நாலைந்து நாள் முறைத்துக்கொண்டது. பிறகு ஒருநாள் காலையில் காபி குடிப்பதற்கு முன்பே தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிற்று. இத்தனை வருஷத் தத்துவ விசாரத்துக்கு அது கொடுத்த பதில் அவ்வளவுதான். எடை ஏறியது, விட்டவர்களுக்குச் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும் என்பார்கள், நான் சராசரியைத் தாண்டிவிட்டேன். ஆரம்பத்தில் இருமல் கூடியது. மூச்சுக் குழாயின் நுண் மயிர்கள் மறுபடி வேலைக்கு வந்து குப்பையை வெளியே தள்ளுகின்றன என்றார் டாக்டர். கனவில் இன்னும் சிகரெட் பிடிக்கிறேன். பதறி எழுந்து, மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்று படுக்கையைத் தடவிப் பார்க்கிறேன்.

ஜெனரேட்டர் சங்கத்துக்கு இப்போதும் போகிறேன். புகை வராத பக்கமாகத் தள்ளி நிற்கிறேன். நான் விட்டதை அவர்களில் ஒருவர்கூட நெடுநாள் கவனிக்கவில்லை. கவனித்தவரும், “என்ன சார், காசு மிச்சம் பண்றீங்களா?” என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சியிடம் இப்போது கடலைமிட்டாய் வாங்குகிறேன். அவருக்கு வருமானம் குறைந்திருக்கும், சொல்லிக்காட்டவில்லை. எழுத்து? முன்பைவிட மெதுவாக வருகிறது. தரம் அதேதான். அதற்குக் காரணம் சிகரெட் இல்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது, இது சற்று வேதனையான தெளிவு.

ஆலன் கார் புத்தகத்தின் மீதிப் பக்கங்களையும் படித்து முடித்தேன். நன்றாகத்தான் முடித்திருக்கிறார்.

உங்களில் யாராவது ஆடி முடியட்டும், ஐப்பசி முடியட்டும் என்று காத்திருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சில்லறையாக வாங்காமல், ஒரு தடவை கடைக்காரரிடம் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், அது உங்களை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு தொலைபேசி எண் அச்சிட்டிருப்பார்கள்: 1800-11-2356. புகையை விட நினைப்பவர்களுக்கென்று மத்திய அரசு நடத்தும் உதவி எண். பயமாக இருக்கிறது என்று சொல்லியே பேச்சை ஆரம்பிக்கலாம். கட்டணம் கிடையாது.